தபால் மாமாமேல் நாம் எழுதிய முறைப்பாடு

போன வாரம் நம் வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. நம் தேயிலைத் தோட்டத்தில் நாம் வளர்ந்த வரிசை வீடான ஆறாம் நம்பர் லயத்துச் சுவரில் நீல நிறத்தில் சின்னத் தகடு. அதில் வீட்டு இலக்கம், அதற்குக் கீழே ஒரு வீதியின் பெயர். லயத்துக்கு முன்னால் கிடந்த அந்தச் சேற்று வழிக்கு வீதி என்று பெயர் வைத்துவிட்டார்கள். இனிமேல் கடிதம் நேரே வாசலுக்கு வருமாம். படத்தை அனுப்பியவர் இரத்தோட்டையில் கடை வைத்திருக்கும் நம் கூட்டாளி. அதன் கீழே கொழும்பில் இருப்பவள் எழுதினாள்: "இனி தபால் திருட ஆளில்லை." மற்ற நாலு பேரும் சிரிப்பு முகம் போட்டீர்கள்.

நான் போடவில்லை. யாராவது அதைக் கவனித்தீர்களா என்று இரண்டு நாள் குழுவைத் திறந்து திறந்து பார்த்தேன். கவனித்தும் கேட்காமல் இருக்கிறீர்களோ என்று ஒரு சந்தேகம். என் குணம் உங்களுக்குத் தெரியாததில்லை. வழியில் ஒருவர் நலம் விசாரித்தால், எதற்காக விசாரித்தார் என்று வீடு வந்து சேரும்வரை யோசிக்கிறவள் நான். அந்தக் குணம் எனக்கு எங்கே ஒட்டிக்கொண்டது என்று நினைத்துப் பார்த்தால், நமக்குப் பதினாறு வயதான அந்த வருடத்துக்குத்தான் மனம் போகிறது. பிள்ளைக்காம்பராவில் சனிக்கிழமை பின்னேரம் நாம் எட்டுப் பேரும் கடிதம் எழுதப் படித்த காலம்.

பிள்ளைக்காம்பராவின் வாசம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து குழந்தைகளைத் தூக்கிப் போன பிறகும் பால்மாவும் மூத்திரமும் டெட்டோலும் கலந்த வாடை போகாது. தொட்டில் சேலைகளை முடிச்சுப் போட்டு மேலே தூக்கிக் கட்டியிருப்பார்கள். அதற்குக் கீழே, குழந்தைகள் உட்காரும் குட்டை வாங்கில், முழங்கால் நாடியில் முட்ட நாம் உட்கார்ந்திருப்போம். ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து மூட்டம் இறங்கி, கதவு வழியாக உள்ளே வந்து, கரும்பலகையை மறைத்த நாளும் உண்டு.

நமக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர் டைப்பிங் படித்தவர், அதனால் டைப்பிங் டீச்சர் என்போம். மாத்தளை டவுனில் கராம்பும் மிளகும் வாங்கி விற்கும் ஒரு முஸ்லிம் வியாபாரியின் மகள். இருபத்திரண்டு வயதுக்கு மேல் இராது. பஸ்ஸில் வந்து இறங்குவார். அவர் உடுப்பில் எப்போதும் காய்ந்த கராம்பு மணக்கும். கையில் ஒரு கட்டு பூல்ஸ்கெப் தாளும், நீல நிறக் கார்பன் தாளும் இருக்கும். முதல் நாளே ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

"நான் சும்மா வரல்ல புள்ளைகள். எனக்கும் ஒரு தேவை ஈக்கு. ஆறு மாசம் ஒங்களுக்குப் படிச்சுக் குடுத்தா தோட்டத்த நடத்துற தொரை ஒரு சேர்டிபிகேட் தாரன்னு சொல்லி ஈக்கார். அது ஈந்தா எனக்கு ஒரு தொழில் எடுக்க லேசு. ஒங்களுக்கும் ஒரு மடல் ஒழுங்கா எழுத வரும்."

இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறவளை எப்படி நம்புவது என்று லயமே கூடிப் பேசியது. டவுனிலிருந்து ஒரு பெண் தேடி வந்து இனாமாகப் படிப்பிப்பதென்றால் உள்ளே ஏதோ இருக்க வேண்டும். கொழும்பு வீடுகளுக்கு வேலைக்காரப் பிள்ளைகள் பார்க்க வந்திருக்கிறாள் என்றார்கள் சிலர். யார் வீட்டுக் கொல்லையில் மிளகுக்கொடி இருக்கிறது என்று வேவு பார்க்கிறாள் என்றார்கள் வேறு சிலர். வேலை மேய்க்கும் கங்காணிக்கு வேறு பயம். கடிதம் எழுதப் படித்த பிள்ளைகள் முதலில் தன்மேல்தான் பெட்டிசம் எழுதும் என்று அவர் நம்பினார்.

என் அம்மாவின் சந்தேகம் இவர்கள் எல்லாருடையதையும்விடப் பழையது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. எங்கே ஒப்பம் கேட்டாலும் பெருவிரலை மை தொட்டு வைப்பார், வைத்த பிறகு ஒரு வாரத்துக்குத் தூங்கமாட்டார்.

"பேரை எழுதி எழுதி வெளிய அனுப்புனா, ஒரு நாளைக்கி அந்தப் பேரைச் சொல்லிக் கூப்புடுவாங்க" என்றார். "ஒன் சின்னம்மா வீட்ட அப்புடித்தானே கூப்புட்டாங்க."

சின்னம்மா, அம்மாவின் ஒரே தங்கை. என்றைக்கோ சித்தப்பா இந்தியக் குடியுரிமைக்கான பாரம் ஒன்றை நிரப்பிப் பெயர் கொடுத்திருந்தார். எல்லாரும் அதை மறந்துபோன ஒரு காலத்தில் அரசாங்கத்து மண்ணிறக் கவர் ஒன்று வந்தது. மூன்று மாதத்தில் சாமான் சட்டியெல்லாம் விற்று, தலைமன்னாருக்கு ரயிலேறி, இந்தியா போய்விட்டார்கள். போய்ச் சேர்ந்து ஒரு கடிதம் போட்டார்கள். அதற்குப் பிறகு தங்கையைப் பற்றி அம்மாவுக்கு ஒரு சேதியும் வரவில்லை. நம் தோட்டத்திலிருந்து அப்படிப் போன வீடுகளை நீங்களும் விரல்விட்டு எண்ணியவர்கள்தான். போகாமல் மிஞ்சியவர்களில் யாருக்கு அடுத்த கவர் வரும் என்று தெரியாமல்தான் நம் தாய் தகப்பன்மார் கொழுந்தெடுத்தார்கள்.

டீச்சரின் முதல் பாடம் ஆரம்பத்திலேயே இடறியது. "வலது பக்கம் மேல மூலையில, அனுப்புறவரோட விலாசம்" என்று கரும்பலகையில் கோடு போட்டுவிட்டு, அவரவர் விலாசத்தை எழுதச் சொன்னார். நாம் பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தோம். நம்மில் ஒருவன்தான் எழுந்து சொன்னான்.

"எங்களுக்கு அப்புடி ஒண்ணு இல்லீங்க டீச்சர். தொரை பேரைப் போட்டு, தோட்டத்துப் பேரைப் போட்டாத்தான் காயிதம் வரும்."

"அப்ப ஒங்கட வீட்டுக்கு எப்படி வாரது?"

"வீட்டுக்கு வராதுங்க. ஆபீசுக்கு வரும். அப்புறம் மடுவத்துக்கு வரும்."

டீச்சர் சோக்கட்டியால் அந்த மூலையில் தோட்டத்துப் பெயரை எழுதினார். நாம் அதை ஒரு குறையாகவே நினைத்ததில்லை. இரத்தோட்டைத் தபாற்கந்தோரில் நம் தோட்டத்துக்கென்று தடித்த தோல் பை ஒன்று இருந்தது. பித்தளைப் பூட்டுப் போட்டது. ஒரு சாவி தபாற்கந்தோரில், இன்னொன்று தோட்டத்து ஆபீசில் கிளாக்கரையாவிடம். பையைச் சுமந்துவருகிறவர் தபால் மாமா. பையை அவர் திறக்க முடியாது. கிளாக்கரையா திறந்து, துரையின் கடிதங்களை எடுத்துக்கொண்டு, நம்முடையதைச் சணல் கயிற்றால் கட்டி மறுபடி மாமாவிடம் கொடுப்பார். சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், தராசுக்குப் பக்கத்தில் நின்று மாமா பெயர் கூப்பிடுவார். யாருக்கு எங்கிருந்து கடிதம் வந்தது என்பது அன்றைக்கே எல்லா லயத்துக்கும் தெரிந்துவிடும்.

தபால் மாமாவின் வலது கையில் இரண்டு விரல் இல்லை. தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலர் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் அவருக்குப் பை சுமக்கும் வேலை கொடுத்தார்கள். மீதி மூன்று விரலால் கடிதங்களை விசிறிபோல விரித்துப் பிடித்துக்கொண்டு அவர் பெயர் கூப்பிடுகிற அழகை நம்மில் ஒருத்தி நடித்துக் காட்டுவாள். அவரும் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போவார்.

டீச்சர் நன்றாகவே படிப்பித்தார், இப்போது ஒப்புக்கொள்கிறேன். விலாசம், திகதி, பெறுகிறவரின் பதவி, "ஐயா" போட்டுக் காற்புள்ளி, விடயம் என்று ஒரு வரி எழுதி அதன் கீழே கோடு. முதல் பந்தியில் நான் யார், எதற்கு எழுதுகிறேன். இரண்டாவதில் நடந்தது என்ன, என்றைக்கு. மூன்றாவதில் எனக்கு என்ன வேண்டும். "அழுவ வேணாம், புகழ வேணாம், சாபம் போட வேணாம்" என்பார். பெயரில்லாத கடிதத்தை மொட்டைக் கடிதம் என்று குப்பையில் போடுவார்கள், ஆகவே பெயரும் கையொப்பமும் கட்டாயம் என்பார். எல்லாவற்றுக்கும் மேலாகக் கார்பன். "அனுப்புறது அவங்களுக்கு. கொப்பி ஒங்களுக்கு. எழுதினதை நாளைக்கி ஒருத்தரும் இல்லன்னு சொல்ல ஏலாது." கார்பனை மடியில் வைத்ததால் நம் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் நீலமாகி, வீட்டில் ஏச்சு வாங்கியது தனிக் கதை.

மூன்றாம் மாதம், மாதிரிக் கடிதம் போதும், உண்மையான கடிதம் எழுதுங்கள் என்றார். ஒருவன் சவர்க்காரக் கம்பெனிக்குக் கலண்டர் கேட்டு எழுதினான். ஒருத்தி கண்டியில் ஒரு புத்தகக் கடைக்கு விலைப்பட்டியல் கேட்டு எழுதினாள். நான் எழுதியது விளையாட்டுக்கு இல்லை. மாத்தளை டவுனில் அரசாங்கப் பயிற்சி நிலையம் ஒன்றில் தமிழ் டைப்பிங் வகுப்புக்குப் பிள்ளைகள் எடுப்பதாக டீச்சர் பேப்பர் துண்டு ஒன்று கொண்டுவந்து காட்டியிருந்தார். வருடத்தில் ஒரு தடவை. நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வரும். அது கிடைக்காவிட்டால் எனக்கு என்ன வைத்திருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அம்மா ஏற்கெனவே கங்காணியிடம் சொல்லி வைத்திருந்தார். வருகிற மாதம் எனக்கும் பேர் பதிந்து, கூடை கொடுத்து, மலைக்கு அனுப்புவது என்று. எனக்கு அந்தக் கூடையின் கயிற்றைப் பார்த்தாலே நெற்றி வலிக்கும்.

எல்லாருக்கும் பதில் வந்தது. கலண்டர் வந்தது. விலைப்பட்டியல் வந்தது. தபால் மாமா வெள்ளைக் கவர்களைத் தூக்கிப் பிடித்துக் கூப்பிட்டார். நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டு நேரே மடுவத்துக்கு ஓடினேன். என் பெயர் வரவில்லை. ஆறு வாரம் போன பிறகு, கொழும்புக்காரியே, நீதான் என்னோடு டவுனுக்கு வந்தாய். பயிற்சி நிலையத்தில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா பெரிய கொப்பி ஒன்றைத் திறந்து, விரலால் வரி வரியாகத் தேடி, என் பெயரைக் காட்டினார். கடிதம் அனுப்பிய திகதி இருந்தது. நேர்முகப் பரீட்சை போன செவ்வாய்க்கிழமை முடிந்துவிட்டது. "லெட்டர் போனது தானே மகள், ஏன் வரவில்லை?" என்று கேட்டார். பஸ்ஸில் வரும்போது இரத்தோட்டை வரைக்கும் அழுதேன். அதற்குப் பிறகு அழுகை நின்று, சந்தேகம் ஏறியது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "போனது போகட்டும். நமக்குக் குடுத்து வச்சது அம்புட்டுத்தான்" என்றார். வேறு நாளாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பார். அந்த அமைதியை நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். உலகம் முழுவதையும் சந்தேகப்பட்ட எனக்கு அடுப்படியைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

நான் முதலில் நினைத்தது கிளாக்கரையாவைத்தான், நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள். அவருடைய மகளும் நம் வயது. அவளும் அதே வகுப்புக்கு விண்ணப்பித்தாள் என்று பேச்சு. ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"கட்டுன கட்டு கட்டாத்தான் அவன் கையில குடுக்கிறேன். அங்குட்டு நடக்கிறதுக்கு நான் பொறுப்பில்ல. அவங்கிட்டக் கேளு."

தபால் மாமாவை மடுவத்துக்குப் பின்னால் பிடித்தேன். சாக்கை உதறிக்கொண்டிருந்தார்.

"மாமா, எனக்கு மாத்தளையிலருந்து ஒரு காயிதம் வந்துச்சா?"

"அப்புடி ஒண்ணும் வரலியே பாப்பா."

"அனுப்புனதா அங்க எழுதியிருக்காங்க."

"எனக்குத் தெரியாது பாப்பா" என்று சொல்லிவிட்டு, உதறிய சாக்கை மறுபடி உதறினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்த மனிதர் பொய் சொல்கிறார் என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்தது. அதில் நான் பிழைவிடவில்லை. அவர் பொய்தான் சொன்னார்.

அது நோன்பு மாதம். டீச்சர் நாலு வாரம் வரவில்லை. பிள்ளைக்காம்பராவில் நாமே கூடினோம். முறைப்பாடு எழுதுவது என்று முடிவானது. யார்மேல் எழுதுவது என்று கேள்வி வந்தது. கிளாக்கரையாமேல் எழுதினால் நம் தாய் தகப்பன்மாரின் வேலைநாளில் கை வைப்பார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, நமக்குத் தபால் மாமா கிடைத்தார். கடைக்காரக் கூட்டாளியே, நீ மட்டும் "அவரு எதுக்குப் புள்ள எடுக்கணும்?" என்று ஒரு தடவை கேட்டாய். நான் உன்னைப் பேசவிடவில்லை. கிளாக்கரையா ஏதாவது கொடுத்திருப்பார் என்று சொல்லி வாயை அடைத்தேன்.

கடிதத்தை நானே எழுதினேன். என் வாழ்க்கையில் அதற்கு முன் அவ்வளவு அழகாக ஒன்றும் எழுதியதில்லை. துரைக்கு ஒன்று, பிரதி டவுனில் பெரிய தபால் அதிகாரிக்கு. விடயத்தின் கீழே அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன். மூன்று பந்தி. நடுப்பந்தியில், "மேற்படி கடிதத்தைத் தபால் கொண்டுவருபவரே எடுத்து மறைத்துள்ளார்" என்று எழுதினேன். "சந்தேகப்படுகிறோம்" என்று ஒரு சொல் போட்டிருக்கலாம். போட்டால் கடிதம் பலவீனமாகத் தெரிந்தது, ஆகவே எடுத்துவிட்டேன். லயம் லயமாக நடந்து உங்கள் ஏழு பேரிடமும் கையொப்பம் வாங்கினேன். இருவர் தயங்கினீர்கள். பேரில்லாவிட்டால் மொட்டைக் கடிதமாகிவிடும் என்று டீச்சர் சொன்னதையே சொல்லி வாங்கினேன். தோட்டத்துப் பையை நம்பாமல், இரத்தோட்டைக்கு நடந்து போய்த் தபாற்பெட்டியில் நானே போட்டேன்.

கடிதம் வேலை செய்தது. பத்து நாளில் டவுனிலிருந்து ஜீப்பில் ஒருவர் வந்தார். ஆபீஸ் வாசலில் விசாரணை. நாம் தேயிலைச் செடிக்கு இந்தப் பக்கம் குந்திக்கொண்டு கேட்டோம். தபால் மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கேட்ட கேள்விக்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"கட்டு அவுந்து பாலத்துக்கிட்ட ஆத்துல விழுந்துருச்சுங்க. பயந்துகிட்டுச் சொல்லல."

நமக்கு வெற்றி. பாலத்தில் நின்று ஒரே ஒரு கடிதம் மட்டும் எப்படி விழும் என்று கேட்க ஜீப்பில் வந்தவருக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பையை அன்றைக்கே அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். அடுத்த திங்கட்கிழமை, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில், அவருக்குத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலை என்று பெயர் வாசித்தார்கள். மூன்று விரலுள்ள கையில் கவ்வாத்துக் கத்தி.

பெருநாள் முடிந்து டீச்சர் ஒரு கிண்ணத்தில் வட்டிலப்பம் என்ற இனிப்புக் கொண்டுவந்தார். நான் பெருமையோடு கார்பன் கொப்பியை நீட்டினேன். சிவப்புப் பேனாவை எடுத்து, மேலிருந்து கீழே வாசித்தார். விலாசம் சரி. திகதி சரி. விடயம் சரி. நடுப்பந்தியில் பேனா நின்றது.

"இதை நீங்க கண்டீங்களா?"

"எதை டீச்சர்?"

"அவர் எடுத்து மறைச்சதை. ஒங்கட கண்ணால கண்டீங்களா?"

  டீச்சர் பேனாவை மூடினார். "கண்டதை மட்டும் எழுதச் சொல்லி நான் சொல்லித் தரல்லையா?" என்று கேட்டார். நம்மைப் பார்த்துக் கேட்ட மாதிரி இல்லை, தன்னைத்தானே கேட்ட மாதிரி இருந்தது. அந்தக் கிண்ணத்து வட்டிலப்பத்தை அன்றைக்கு யாரும் தொடவில்லை என்று நினைக்கிறேன். மறுவாரம் துரை வகுப்பை நிறுத்திவிட்டார். தோட்டத்து விஷயத்தை டவுனுக்கு எழுதுகிற வகுப்பு அவருக்கு வேண்டாம். டீச்சரின் சேர்டிபிகேட்டும் அத்தோடு போயிற்று. நான் அப்போதும், டீச்சருக்கு ஏன் தபால் மாமாமேல் இவ்வளவு அக்கறை என்று சந்தேகப்பட்டேன்.

கவ்வாத்து மலையில் மாமா இரண்டு மாதம்கூட நிற்கவில்லை. கத்தி நழுவி முழங்காலுக்குக் கீழே வெட்டிக்கொண்டார். நாளுக்குரிய செடிக்கணக்கை முடிக்க முடியாமல் அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேர் விழுந்தது. மடுவத்தில் ஆட்கள் அவரைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். இந்தியப் பாஸ்போட் அவருக்கு எப்போதோ வந்திருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல், அப்பனுக்குத் திவசம் என்று ஒவ்வொரு சாக்காகச் சொல்லி, போகாமல் வருடக்கணக்கில் இழுத்தடித்துக்கொண்டிருந்தவர். இப்போது தானாகவே ஆபீசுக்குப் போய், அடுத்த ரயிலில் பெயர் போடச் சொன்னார்.

அவர்கள் போன காலை மூட்டமாக இருந்தது. லயத்துக் கடைசிக் காம்பராவுக்கு முன்னால் லொறி நின்றது. அம்மா உள்ளே போய், தன் கலியாணத்துக்கு வந்த பித்தளைக் குடத்தை எடுத்துவந்து மாமாவின் மனைவி கையில் கொடுத்தார். நம் வீட்டில் இருந்த ஒரே பித்தளைச் சாமான் அது. கொடுத்துவிட்டு மாமாவைப் பார்த்துக் கும்பிட்டார். மாமா, "விடுக்கா, விடுக்கா" என்றார். லொறி கிளம்பிய பிறகும் அம்மாவின் அழுகை நிற்கவில்லை. தபால் திருடியவனுக்கு எதற்குக் குடம்? என் மண்டைக்குள் அந்தப் பழைய பூச்சி குடைந்தது.

"அந்த ஆளுக்கு ஏம்மா குடத்தைக் குடுத்தீங்க?"

அம்மா உள்ளே போனார். அரிசிப் பெட்டியை நகர்த்தி, அதற்கு அடியில் விரித்திருந்த சாக்கைத் தூக்கி, ஒரு மண்ணிறக் கவரை எடுத்து என் கையில் வைத்தார். ஒட்டுப் பிரிக்கவில்லை. மேலே அரச பணிக்கு என்று அச்சடித்திருந்தது. என் பெயர் இருந்தது.

"ஒன்னைய இந்தியாவுக்குக் கூப்புடுறாங்கன்னு நெனச்சேன்" என்றார் அம்மா. "அவருந்தான் அப்புடி நெனச்சாரு. மடுவத்துல பேர் கூப்புடாம என்னையத் தனியா கூப்புட்டுக் குடுத்தாரு. யாருக்கிட்டயும் சொல்லாதீங்கன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். அரசாங்கம் நமக்கு எப்ப நல்லதுக்கு எழுதியிருக்கு?"

"நான் டவுனுக்குப் போயிட்டு வந்து அழுதப்பயாவது குடுத்திருக்கலாமே."

"நாள் போயிருச்சுன்னு நீயே சொன்னியே. அதுக்குப் பெறகு எடுத்துக் குடுத்தா, நீ என்னையத் தாயின்னு நெனப்பியா? பயந்துட்டேன். விசாரணைக்கி மொத நாளு அவருக்கிட்டப் போயி உண்மையச் சொல்லிருங்கன்னு சொன்னேன். ஒரு வாக்கு குடுத்துட்டேன் அக்கான்னு சொல்லிட்டாரு."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அம்மாவுக்கு மண்ணிறக் கவர், எனக்குச் சாக்கை உதறிய மனிதர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இனி நான் சொல்வதை அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை. லொறி அப்போது இரண்டாம் வளைவில் இருந்தது, ஹோர்ன் சத்தம் கேட்டது. கீழே பாலத்துக்கு வர அது இன்னும் மூன்று வளைவு சுற்ற வேண்டும். கோயில் பக்கத்துக் குறுக்குப் படியில் இறங்கினால் லொறிக்கு முன்னாலேயே நான் பாலத்துக்குப் போயிருப்பேன். எத்தனையோ தடவை பஸ்ஸை அப்படிப் பிடித்தவள்தான். கவரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். போய் என்ன சொல்வது, நீங்கள் எல்லாரும் அங்கே நிற்பீர்களே என்று நினைத்தேன். நீங்கள் அங்கேதான் நின்றீர்கள். நம்மில் ஒருவர் லொறிக்குப் பின்னால் ஓடி, "கள்ளத் தபால்" என்று கத்தியது லயம் வரைக்கும் கேட்டது. யார் என்று எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். கத்த வைத்தது என் கடிதம்.

அடுத்த வருடம் நான் மறுபடி விண்ணப்பித்தேன். ஒரு வருடம் கூடை சுமந்த பிறகு. பதில் வர வேண்டிய விலாசமாக டீச்சரின் வீட்டு விலாசத்தைக் கேட்கப் போனேன். மறுப்பார் என்று நினைத்தேன், கொடுத்தார். அவரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். கராம்பு காயப்போட்ட முற்றத்தில் நின்றபடியே கேட்டார்.

"வாபஸ் வாங்கி ஒரு மடல் எழுதினீங்களா?"

"அவர் எங்க இருக்கார்னு தெரியாது டீச்சர்."

"அவருக்கு எழுத ஏலாட்டி, ஒப்பம் வச்ச ஏழு பேருக்கும் எழுதுங்க. அவங்க இன்னும் அதை நம்பிக்கொண்டுதானே ஈக்காங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த முறை இடம் கிடைத்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஒரு கந்தோரில் உட்கார்ந்து மற்றவர்களின் முறைப்பாடுகளையும் மன்னிப்புகளையும் டைப் செய்தேன். என்னுடையதை மட்டும் டைப் செய்யவில்லை. அம்மா உயிரோடு இருக்கும்வரை அம்மாவுக்காக என்று சொல்லிக்கொண்டேன். அம்மா போய்ப் பதினோரு வருடமாகிறது. இப்போது சொல்ல ஒரு சாக்கும் இல்லை, எனக்காகத்தான் மறைத்தேன். உங்கள் நடுவில் நான் தலைகுனிய வேண்டிவரும் என்ற பயம். அந்தக் கார்பன் கொப்பி இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. கீழே எட்டுக் கையொப்பம், எல்லாம் நீலமாக. அதில் ஒருவர் போன வருடம் இறந்துபோனார். தபால் மாமா ஒரு திருடர் என்று நம்பிக்கொண்டேதான் போனார்.

அந்தப் படத்தைத் திரும்ப ஒருமுறை திறந்து பாருங்கள். தகடு அடித்திருக்கிற கதவு எது என்று தெரிகிறதா? கடைசிக் காம்பரா. தபால் மாமா இருந்த வீடு. அவர் கையால் நம் எல்லாருக்கும் கடிதம் கொடுத்தார். இனி வாசலுக்கே கடிதம் வரப்போகிற அந்த வீட்டில் அவரை இருக்க விடாதவள் நான்.

ஆகவே கூட்டாளிகளே, டீச்சர் சொன்னபடி எழுதுகிறேன். வலது மூலையில் என் வீட்டு விலாசம், இப்போது எனக்கு அது இருக்கிறது. திகதி இன்றையது. விடயம்: தபால் கொண்டுவந்தவர்மேல் நாம் கொடுத்த முறைப்பாட்டைத் திரும்பப் பெறுதல். நான் யார் என்பது உங்களுக்குத் தெரியும். நடந்தது இதுதான்: அவர் என் கடிதத்தை எடுக்கவில்லை, அதை என் தாயின் கையில் கொடுத்தார், கொடுத்த வாக்குக்காகப் பழியை ஏற்றுக்கொண்டார். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: குழுவில் போட்ட அந்தச் சிரிப்பு முகங்களை அழித்துவிடுங்கள். அன்றைக்கு ஏழு பேரின் கையொப்பத்துக்காக லயம் லயமாக நடந்தேன். இதற்கு என் கையொப்பம் மட்டும் போதும்.